பெயர்ப்பலகை மாறினால் போதுமா?



"நம்ம பாலிடெக்னிக் ஒரு நாள் யுனிவர்சிட்டி ஆகிடணும்" என்று நம்மில் பலருக்கு ஆசை. எனக்கும் உண்டு. ஆனால் அது சும்மா பெயர் மாற்றம் இல்லை. 1956-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவைதான் பட்டம் வழங்க முடியும். எத்தனை மாடி கட்டினாலும் அந்த உரிமை தானாக வந்துவிடாது.

இந்த வழியில் நடந்து போன ஒரு கல்லூரியைப் பார்ப்போம். இலங்கையில், பொல்கொட ஏரிக்கரையில், கட்டுபெத்த என்ற ஊரில் 1960-இல் ஒரு செய்முறைத் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கியது. நம்மைப் போன்ற டெக்னீஷியன்களைப் பயிற்றுவிப்பதே அதன் வேலை. 1966-இல் அது இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. பொறியாளர் படிப்பும் சேர்ந்தது. 1972-இல் நாட்டின் பல்கலைக்கழகங்களை எல்லாம் ஒன்றாக்கியபோது, அந்த ஒரே பல்கலைக்கழகத்தின் கட்டுபெத்த வளாகமானது. 1978-ஆம் ஆண்டின் 16-ஆம் எண் பல்கலைக்கழகச் சட்டம் வந்த பிறகுதான் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் என்று தனித்து நின்றது. ஆக மொத்தம் 18 வருஷம்!

நமக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். பட்டப்படிப்பு வந்ததும் டிப்ளமோவை அவர்கள் கைகழுவிவிடவில்லை. தேசியத் தொழில்நுட்ப டிப்ளமோ தொடர்ந்து நடந்தது. 2000-ஆம் ஆண்டில் அதற்கென்றே பல்கலைக்கழகத்தின் கீழ் தனித் தொழில்நுட்ப நிறுவனம் அமைத்தார்கள். பின்னாளில் அது தியகமவுக்கு இடம் மாறியது. இதில் இரண்டு பக்கம் இருக்கிறது. டிப்ளமோ பிழைத்தது நல்லதுதான். ஆனால் பட்டம் படிக்கிறவர் ஓரிடம், டிப்ளமோ படிக்கிறவர் வேறிடம் என்றாகிவிட்டதே, அதையும் யோசிக்க வேண்டும்.

எனவே நம் கல்லூரி உயர வேண்டும் என்று கேட்கும்போதே மூன்றையும் சேர்த்துக் கேட்போம். டிப்ளமோ இடங்கள் குறையக் கூடாது. ஒர்க்‌ஷாப் நேரத்தைத் தியரி விழுங்கக் கூடாது. இன்று நாம் வேறு கல்லூரிக்குப் போய் இரண்டாம் ஆண்டு பி.இ.யில் நேரடியாகச் சேர்கிறோமே, அந்த வாய்ப்பு நம் வளாகத்திலேயே கிடைக்க வேண்டும்.

லேத்தில் நின்று பழகிய கைக்கும் அங்கே இடம் இருந்தால், அந்தப் பல்கலைக்கழகம் நம்முடையது. இல்லையென்றால் பலகை மட்டும்தான் புதுசு!