கைப்பிடி கச்சானின் பெறுமதி

முன்னொரு மாரிகாலத்தில், தற்காலிகக் கொட்டில்கள் நிறைந்த ஒரு குடியிருப்புக்கு நாம் சென்றிருந்தோம். ஒரு தாய் சுளகில் கச்சான் புடைத்துக்கொண்டிருந்தார். ஊரை விட்டு வரும்போது கொண்டுவந்த ஒரேயொரு மூடை அது. தறப்பாளின் கீழே நனைந்து, பாதிக்கு மேல் பச்சைப் பூஞ்சணம் பிடித்திருந்தது. "கழுவி வறுத்தால் பிள்ளைகளுக்குக் குடுக்கலாம்தானே?" என்று எம்மைக் கேட்டார். பசித்திருக்கும் வீட்டில் உணவைக் கொட்டச் சொல்வது இலகுவானதல்ல. ஆயினும் "வேண்டாம் அம்மா" என்றே சொன்னோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதையும், நல்ல கச்சான் எமது பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

கச்சானில் உள்ள சத்துக்கள்

கச்சானைப் பொழுதுபோக்குத் தீனி என்று நினைப்பவர் பலர். உண்மையில் அது பயறு, உழுந்து போன்ற அவரைக் குடும்பப் பயிர். 100 கிராம் கச்சான் பருப்பில் ஏறக்குறைய 25 கிராம் புரதமும் 49 கிராம் கொழுப்பும் உண்டு. 560 கலோரிக்கு மேல் சக்தி கிடைக்கிறது. அதே நிறையுள்ள அரிசியில் புரதம் சுமார் 7 கிராம் மாத்திரமே. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் கச்சான், ஒரு முட்டையில் உள்ள அளவுக்குக் குறையாத புரதத்தைத் தரும். கர்ப்பிணித் தாய்மாருக்கு வேண்டிய போலேற்றும், நியாசின் என்னும் உயிர்ச்சத்தும், மகனீசியமும் இதில் நிறைய உண்டு.

சிறு பிள்ளையின் வயிறு சிறியது. வெறும் கஞ்சியால் அது நிறைந்துவிடும். உடலுக்கு வேண்டிய சக்தியோ கிடைக்காது. கொஞ்ச உணவில் கூடிய சக்தி தருவதே கச்சானின் சிறப்பு. 1996இல் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் அந்திரே பிரியாந்தும் மிஷேல் லெஸ்கானும் கடுமையாக மெலிந்த பிள்ளைகளுக்கான உணவொன்றை உருவாக்கியபோது, கச்சான் பசையையே அடிப்படையாகக் கொண்டனர். பால்மா, சீனி, எண்ணெய், உயிர்ச்சத்துகள், கனியுப்புகள் என்பன அதனுடன் சேர்க்கப்பட்டன. 92 கிராம் பொதி ஒன்றில் 500 கலோரி உண்டு. எனினும் கடுமையாக மெலிந்த பிள்ளைக்கு வீட்டு வைத்தியம் போதாது. தாமதியாது குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்ல வேண்டும்.

கச்சானில் இல்லாதவை

எந்த உணவும் தனியே நிறைவானதல்ல. கச்சானில் உயிர்ச்சத்து ஏ, சீ இரண்டும் இல்லை எனலாம். முருங்கையிலை, பப்பாசிப்பழம் என்பன இக்குறையைத் தீர்க்கும். கச்சான் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பயற்றிலும் கௌபியிலும் அது கூடுதலாக உண்டு. ஆகவே அரிசி, பயறு, கச்சான் மூன்றும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. கீரையில் தேசிக்காய்ப் புளி விட்டுக்கொண்டால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும்.

வீட்டில் சத்துமா

1. அரிசி 2 சுண்டு, பயறு 1 சுண்டு, கச்சான் பருப்பு அரைச் சுண்டு எடுக்கவும்.
2. மூன்றையும் தனித்தனியே வறுக்கவும். கச்சானின் தோலை நீக்கவும்.
3. அரிசியையும் பயற்றையும் இடித்து அரிக்கவும். கச்சானை இடித்துக் கடைசியில் கலக்கவும்.
4. ஈரமில்லாத மூடிய போத்தலில் வைக்கவும். கச்சான் எண்ணெய்ப்பற்று உள்ளதால் மா விரைவில் சிக்கு மணக்கும். ஒரு வாரத்துக்குப் போதுமானதையே இடிக்கவும்.

ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்கு இதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுக்கலாம். முதலில் சிறிதளவு கொடுத்துப் பார்க்கவும். தடிப்பு, முகவீக்கம், மூச்சிழுப்பு ஏற்பட்டால் உடனே வைத்தியரை நாடவும்; மீண்டும் கொடுக்க வேண்டாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுக் கச்சான் கொடுப்பது ஆபத்து. அது மூச்சுக்குழாயில் அடைத்துவிடலாம்.

பூஞ்சணம் பிடித்தால்

1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. அவற்றின் தீனியில் சேர்த்த கச்சான் பிண்ணாக்கில் ஒருவகைப் பங்கசு நஞ்சு இருந்தது பின்னர் தெரியவந்தது. அதற்கு அஃப்ளாடொக்சின் என்று பெயர். அது ஈரலைத் தாக்கும். நீண்டகாலம் உடலில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோயை உண்டாக்கும். கழுவினாலும் அவித்தாலும் வறுத்தாலும் அது முற்றாக அழியாது. எனவேதான் அந்தத் தாய்க்கு "வேண்டாம்" என்றோம். பழுதான கச்சானைக் கோழிக்கும் போடக்கூடாது. எண்ணெய் ஆட்டவும் கூடாது. குழி வெட்டிப் புதைப்பதே நல்லது.

பழுதாகாமல் காப்பது எப்படி?

• பிடுங்கிய செடிகளைக் காய் மேலே பார்க்கக் கவிழ்த்து வெயிலில் விடவும்.
• மண்வெட்டி பட்ட, பூச்சி துளைத்த காய்களை அன்றே பிரித்தெடுக்கவும்.
• குலுக்கினால் கோதுக்குள் பருப்பு கலகலக்கும்வரை பல நாள் காயவிடவும்.
• கோதோடு சாக்கில் கட்டி, நிலத்தில் படாமல் பலகை மேல் வைக்கவும். ஈரக் கச்சானைப் பொலித்தீன் பையில் கட்ட வேண்டாம்.
• உண்ணுமுன் சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் பருப்புகளைத் தெரிந்து வீசவும்.

விற்பதா, உண்பதா?

கச்சான் முழுவதையும் விற்று, அந்தக் காசில் பிள்ளைக்கு பிஸ்கற் வாங்கும் வீடுகளையும் நாம் கண்டிருக்கிறோம். கடன் இருக்கும்போது விற்கத்தான் வேண்டும். ஆனால் விற்குமுன் இரண்டு பங்கை ஒதுக்குவோம்: ஒன்று விதைக்கு, மற்றது பிள்ளைகளுக்கு.

அந்தத் தாய் மூடையைப் புதைத்தார். அடுப்புக்கு மேலே சிறு பையில் கோதோடு தொங்கிய விதை மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது. மழை விட்டதும் கொட்டிலின் பின்புறம் அதை ஊன்றினார்.

கலந்துரையாடுவோம்

1. சென்ற அறுவடையில் எமது வீட்டுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஒதுக்கினோம்?
2. மழைக்காலத்தில் விதையை ஈரம் படாமல் வைக்க எமது குடியிருப்பில் எந்த இடம் உண்டு? பலர் சேர்ந்து ஒரு பரண் அமைக்கலாமா?