பதிவேட்டில் பெயர் இருந்தால் உங்கள் பிள்ளைதான்

புதிதாக ஆசிரியப் பணியில் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருத்தி சொல்லிக்கொள்வது:

1. குறைபாடுள்ள பிள்ளை வகுப்புக்கு வந்தால், “இவனைச் சிறப்புப் பள்ளியில் சேர்த்திருக்கலாமே” என்ற பேச்சு ஆசிரியர் அறையில் சீக்கிரமே காதில் விழும். அதைத் தீர்மானிப்பது நாமல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உண்டு. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் பிள்ளையின் பக்கமே இருக்கிறது.

2. “எனக்குப் பயிற்சி இல்லை”, “இத்தனை பேருக்கு நடுவே இவளை எப்படிக் கவனிப்பது?” இரண்டுமே நியாயமான குறைகள். தலைமையாசிரியரிடமும் வட்டார வள மையத்திலும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ஆனால் பயிற்சி வரட்டும் என்று பாடத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கும்.

3. வள மையத்துச் சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குப் போகிறவர். அவர் வந்ததும் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு நகராதீர்கள். அடுத்த வாரப் பாடத்தைக் காட்டி, “இதை இவளுக்கு எப்படிக் கொடுக்கலாம்?” என்று கேளுங்கள். மற்ற நாட்களில் நடத்தப்போவது நீங்கள்தானே.

4. தாயிடம் உட்கார்ந்து பேசுங்கள். தாகம் எடுத்தால் எப்படிச் சொல்வான், கழிப்பறைக்கு எப்படிப் போவான், எந்தச் சத்தத்துக்கு மிரள்வான் என்பதெல்லாம் மருத்துவச் சான்றிதழில் இருக்காது.

5. கரும்பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள். காது மந்தமான பிள்ளை உங்கள் உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்கிறது. எழுதி முடித்துத் திரும்பி, எழுதியதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பார்வை குறைந்தவனுக்கு அது உதவும். கை ஒத்துழைக்காதவள் வாயால் விடை சொல்லட்டும். ஆட்டிசம் உள்ளவனிடம் நேர அட்டவணை மாறுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

6. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கூட்டத்தை விலக்குங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108ஐ அழையுங்கள்.

7. “சும்மா வந்து உட்கார்ந்துட்டுப் போகட்டும்” என்பதை இரக்கம் என்று நினைக்கிறோம். அந்தப் பிள்ளை வகுப்பில் இருந்தும் பள்ளிக்கு வெளியில்தான் இருக்கிறது. அதே பாடத்தில் அவனால் முடிந்த துண்டைக் கொடுங்கள்; தவறினால் திருத்துங்கள்; அடம்பிடித்தால் மற்றவர்களைப் போலவே கண்டியுங்கள்.

8. உதவிக்கு ஒரே மாணவியை நிரந்தரமாக நியமிக்காதீர்கள். முறைவைத்து மாற்றுங்கள். உதவி பெறும் பிள்ளைக்கும் கரும்பலகை துடைக்கும் முறை வரட்டும்.

9. “தேர்ச்சி விழுக்காடு குறையுமே” என்று கவலைப்படுகிறவர் ஒன்பதாம் வகுப்பிலேயே அந்தப் பிள்ளையின் சான்றிதழ்களைச் சரிபார்க்கட்டும். சொல்வதை எழுதுபவர், கூடுதலாக 1 மணி நேரம், மொழிப்பாட விலக்கு எனப் பொதுத்தேர்வில் குறைபாட்டுக்கு ஏற்ற சலுகைகள் உண்டு. கடைசி நேரத்தில் ஓடினால் கிடைப்பது கடினம்.

10. ஆண்டு முடிவில், இந்தப் பிள்ளைக்கு எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதி அடுத்த வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். “எனக்கு ஒன்றும் தெரியாதே” என்று அவர் சொல்ல வேண்டியிருக்காது.