‘எல்லோரும்’ என்னும் சொல்

நாம் கணக்காசிரியையாகப் பணிபுரிந்த காலத்தில், ஒருநாள் வகுப்புத் தலைவி வந்து, “எல்லோரும் வீட்டுக்கணக்கு செய்யவில்லை, டீச்சர்” என்றாள். உடனே 40 மாணவியரையும் பாடவேளை முழுவதும் நிற்க வைத்தோம். மாலையில் ஏடுகளைத் திருத்தியபோது கணக்கைச் செய்யாதவர் 6 பேரே என்பது தெரிந்தது. எஞ்சிய 34 பேரும் குற்றமின்றியே நின்றிருந்தனர். மறுநாள் வகுப்பில் மன்னிப்புக் கேட்டோம்; ஆயினும் மனம் ஆறவில்லை.

அச்சிறுமி பொய்யுரைக்கவில்லை. ‘எல்லோரும் செய்தனர் என்பது உண்மையன்று’ என்பதே அவள் கருத்து. ‘ஒருவரும் செய்யவில்லை’ என்று நாம் கொண்டோம். வாக்கியம் இரண்டுக்கும் இடந்தருகிறது. இது தமிழின் குறை என எண்ணற்க. ஆங்கிலத்திலும் இவ்வழுக்கல் உண்டு.

இத்தகைய மயக்கத்தை நீக்கவல்லது முதல்வரிசைத் தருக்கம். ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபிரேகே 1879இல் வெளியிட்ட சிறுநூலில் இதன் அடிப்படை அமைந்தது. பொருள்கள், அவற்றின் பண்புகள், அவற்றிடையே உள்ள உறவுகள் ஆகியவற்றைப் பற்றி இது பேசும். ‘அல்ல’, ‘மேலும்’, ‘எனில்’ போன்ற இணைப்புகளோடு, ‘எல்லாம்’, ‘ஒன்றேனும் உண்டு’ என்னும் இரு அளவுச் சொற்களும் இதற்கு உரியன. இவ்விரண்டும் பொருள்களை மட்டுமே அளக்கும்; பண்புகளையே அளக்கப் புகுந்தால் அது அடுத்த வரிசையாகும்.

‘எல்லா மாணவியரும் செய்தனர்’ என்பதை, ‘எவரை எடுத்தாலும், அவர் மாணவியெனில், அவர் செய்தார்’ என எழுதுக. இதன் மறுப்பு, ‘ஒருவரேனும் உண்டு; அவர் மாணவி; மேலும், அவர் செய்யவில்லை’ என்பது. ‘எல்லாம்’ என்பதை மறுத்தால் ‘ஒன்றேனும் அல்ல’ என்பதே கிடைக்கும். ‘எதுவும் இல்லை’ என்பது கிடைக்காது. முன்னதில் ‘எனில்’ வந்ததையும் பின்னதில் ‘மேலும்’ வந்ததையும் நோக்குக. மாணவர் பலர் இடறுவது இங்கேதான்.

அளவுச் சொற்களின் வரிசையும் பொருளை மாற்றும். ‘ஒவ்வொருவருக்கும் ஒரு தோழி உண்டு’ என்றால் தோழியர் பலராகலாம். ‘ஒரு தோழி உண்டு, ஒவ்வொருவருக்கும் அவளே தோழி’ என்றால் தோழி ஒருத்தியே. பின்னது மெய்யானால் முன்னதும் மெய். முன்னதிலிருந்து பின்னதைப் பெற இயலாது. அரிஸ்டாட்டில் வகுத்த பழைய முறையில் இவ்வேறுபாட்டைக் காட்ட வழியில்லை.

வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் இதனைக் கேட்டுப் பாருங்கள்: ‘எல்லாப் பெட்டிகளையும் திறக்க ஒரு சாவி உண்டு.’ பெட்டிகள் ஐந்தெனில், சாவிகள் எத்தனை?