அறிவுரைக்கு முன் காது கொடுப்போம்



கடையில் வேலை பார்க்கும் பையன் நான்கு நாளாகக் கணக்கில் தவறு செய்கிறான். முகமும் வாடியிருக்கிறது. நாம் எல்லோர் முன்னும் கடிந்துகொள்கிறோம். இல்லையென்றால், "துஆ செய், சரியாகிவிடும்" என்று முடித்துவிடுகிறோம். துஆ அவசியம்தான். ஆனால், அவன் மனதில் உள்ளதை நாம் கேட்கவில்லையே!

கேட்பதும் பயின்று பெறும் திறமையே. சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தில், துயரப்படுவோருக்குச் செவிகொடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களே. வேலை செய்யும் இடத்தில் நாமும் இவற்றைப் பழகலாம்:

1. தனியே அழைத்து, "என்னப்பா, வீட்டில் ஏதும் கஷ்டமா?" என்று கேளுங்கள்.

2. குறுக்கே பேசாதீர்கள். சொல்லி முடித்ததும், நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள்.

3. கேட்டது அமானிதம். மற்ற வேலையாட்களிடம் பேசாதீர்கள்.

4. "வாழவே பிடிக்கவில்லை" என்றால் மட்டும் ரகசியம் காக்காதீர்கள். தனியே விடாமல், குடும்பத்தாருக்குத் தெரிவியுங்கள். 14416 என்ற அரசின் இலவச டெலி மானஸ் எண்ணை இரவிலும் அழைக்கலாம்.

நாம் மருத்துவர்கள் அல்லர். ஆனால், உரிய உதவி கிடைக்கும்வரை கூட இருக்க நம்மால் முடியும், இன்ஷா அல்லாஹ்.