தூண்டில் கற்பித்த பாடம்

தூண்டில் போடுவது சோம்பேறிகளின் தொழில் என்று நம் விடுதியில் ஒரு பேச்சு உண்டு. நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் தந்தையார் பிழைப்பு நாடி வேலூர்ப் பக்கத்திலிருந்து சித்தூருக்குக் குடிவந்தபோது எனக்கு வயது பத்து. தெலுங்கு அறியாத சிறுவனுக்குக் கிடைத்த முதல் துணை, ஊருக்கு வடக்கேயிருந்த ஏரியும், அதன் கரையில் தூண்டிலோடு அமர்ந்திருந்த ஒரு முதியவருமே. அவரைத் தாத்தா என்று அழைத்தேன். நல்ல வேளையாக அச்சொல் இரு மொழிக்கும் பொது! இன்று திருப்பதியில் விலங்கியல் முதுகலை பயிலும் நான், வகுப்பில் கற்றதையும் அக்கரையில் கற்றதையும் சேர்த்து நண்பர்கட்கு ஒரு சிறு பாடமாகச் சொல்ல விழைகிறேன்.

நம் வட்டாரத்தில் ஆண்டு முழுதும் நீரோடும் பேராறு இல்லை. சுவர்ணமுகியும் மழைக்காலத்து ஆறு. சித்தூரைத் தொட்டுச் சென்று, தமிழகத்தில் பொன்னையாறு என்று பெயர் பெற்றுப் பாலாற்றில் கலக்கும் நீவா நதியும் அத்தகையதே. ஆதலின் இங்கே நன்னீர் மீன் என்றால் பெரும்பாலும் ஏரி மீன்தான். இந்திய ஏரி குளங்களில் தூண்டில் போடுவது பற்றி மட்டுமே, சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேயர் 1887இல் தனி நூல் ஒன்று வெளியிட்டார். நூலெழுதும் அளவுக்கு இதில் கற்பதற்குச் செய்தி உண்டு என்பது இதனால் விளங்கும்.

முதற்பாடம் மீனின் வாய். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். அது மேல்மட்டத்து நுண்ணுயிர்களை உண்பது. ரோகுவின் உதடு ஓரத்தில் குஞ்சம் போலிருக்கும்; அது நடுநீரில் மேயும். மிருகாலின் வாயோ கீழ்நோக்கியது. அடிச்சேற்றில் மக்கியவற்றைத் தின்னும். ஒரே ஏரியில் மூன்று மாடி வீடு போல இவை குடியிருக்கின்றன. ஆகவே தூண்டிற்காரன் தக்கையை ஏற்றி இறக்குவது வீண் விளையாட்டன்று. எந்த மாடியின் கதவைத் தட்டுகிறோம் என்பதை அதுவே முடிவு செய்கிறது. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்த உருண்டை இம்மூன்றிற்கும் ஏற்ற இரையாகும்.

கெளுத்தியின் வழி வேறு. அதற்கு மீசையே கண். அந்தி மயங்கியபின் மண்புழுவைக் கோத்து, ஈயக்குண்டு கட்டி அடியில் விட்டால் அது தேடி வரும். முள்ளிலிருந்து கழற்றும்போது மட்டும் விழிப்பு வேண்டும். முதுகிலும் இரு பக்கத்துத் துடுப்பிலும் உள்ள முட்கள் கையைக் கிழித்துவிடும். நாம் ஜிலேபி மீன் என்று அழைக்கும் திலாப்பியா, ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 1952இல் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காப்பதால் விரைவில் பெருகி, நம் மீன்களின் இடத்தைக் கவர்ந்துகொள்கிறது. இதை எவ்வளவு பிடித்தாலும் ஏரிக்கு நட்டமில்லை.

இனி விராலுக்கு வருவோம். தெலுங்கர் இதனைக் கொர்ரமீனு என்பர். செவுளோடு காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பும் உடையது; நீர்மட்டத்திற்கு வந்து காற்றை விழுங்காவிடில் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துபோகும். ஏரி வற்றினால் சேற்றில் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். கோரை மண்டிய ஆழமற்ற மூலையில் இடம் ஒதுக்கி முட்டையிடும். முட்டைகள் மிதக்கும். குஞ்சுகள் செந்நிறமாய் ஒரே திரளாக நீந்த, பெற்ற மீன் அடியில் நின்று சில வாரங்கள் காவல் புரியும்.

எனக்குப் பதினாறு வயதானபோது, ஒரு மழைக்காலத்தில், ஏரியின் வடக்கு மூலையில் தட்டளவு நீர் சிவந்து கொதிப்பது போலத் தோன்றியது. அதன்மேல் தவளையைக் கோத்துப் போட்டேன். போட்ட நொடியே பேரடி! ஒன்றரைக் கிலோ விரால். துள்ளிக் குதித்துக்கொண்டு தாத்தாவிடம் காட்டினேன். அவர் மீனைப் பார்க்கவில்லை, நீரையே பார்த்தார். "மரி, பில்லலு, நாயனா?" என்றார். அப்படியானால் பிள்ளைகள் என்னாவது என்பது அதன் பொருள். அன்று பொழுது சாயும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம். முதலில் கெண்டைகள் வந்தன, பிறகு மீன்கொத்தி, பிறகு ஒரு தண்ணீர்ப் பாம்பு. செந்நிறத் தட்டு கிண்ணமாயிற்று. மறுநாள் காலை நீர் தெளிந்திருந்தது.

அந்த விரால் பசியால் கவ்வவில்லை. குஞ்சுகளைக் காக்கவே பாய்ந்தது. அதன் அன்பே அதற்குத் தூண்டிலாயிற்று. இதனை நான் முறையாகக் கற்றது பல ஆண்டுகள் கழித்து வகுப்பறையில். கட்லாவும் ரோகுவும் ஓடும் ஆற்றில் முட்டையிடுபவை. தேங்கிய ஏரியில் இனம் பெருக்குவதில்லை. 1957இல் ஒரிசாவின் அங்குலில் ஹீராலால் சவுதுரி, மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசிவழி செலுத்தி இத்தகைய கெண்டைகளை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அதன் பயனாக இன்று குஞ்சுகளை வாங்கி ஏரியில் விட முடிகிறது. விராலோ ஏரி தானே பெற்று வளர்க்கும் செல்வம். காவல் நிற்கும் ஒரு விராலை எடுத்தால் அவ்வாண்டின் ஒரு குடும்பமே அழிகிறது.

ஆகவே நண்பர்களே, தூண்டில் எடுப்போர் சில நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும். பல ஏரிகளில் மீன்பிடி உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் குத்தகையில் இருக்கும். அவர்கள் இசைவின்றி இறங்கலாகாது. வெடியும் நஞ்சும் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே விலக்கப்பட்டவை. சிறு மீனை ஈரக்கையால் பிடித்து நீரில் விடுக. உயிர்த் தவளைக்குப் பதில் ரப்பர்த் தவளை போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, செந்நிறக் குஞ்சுத் திரளைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு மூலைக்குச் செல்க.

தாத்தா இன்று இல்லை. விடுமுறையில் ஊர் சென்றால் அந்த வடக்கு மூலைக்குப் போவேன். நீர் சிவந்திருந்தால் தூண்டிலைத் தரையில் வைத்துவிட்டுச் சற்று நேரம் பார்த்திருப்பேன். மீனை அறிந்தவனுக்கு, எப்போது தூண்டில் போடலாகாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.