வல்லாரையும் நினைவாற்றலும்: வகுப்பறையில் ஒரு சோதனை

பாகூர் பக்கம் ஈரம் காயாத வயல் வரப்புகளில் வல்லாரை படர்ந்து கிடக்கும். அதைத் துவையல் அரைத்துச் சாப்பிட்டால் ஞாபக சக்தி கூடும் என்று என் எட்டாம் வகுப்பு மாணவர்கள் எல்லோரும் சொல்வார்கள். தேர்வு நெருங்கினால் நூறு நாள் வேலைக் கூலியில் ‘ஞாபக சக்தி டானிக்’ வாங்கும் வீடுகளும் உண்டு. பாட்டியின் மறதிக்கும் அதே பாட்டில்தான். இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் முறையைக் கற்பிக்க இரண்டு பாடவேளைகளை எடுத்துக்கொண்டேன்.

செயல்பாடு

புளியங்கொட்டை, சாவி, பொத்தான் என 15 பொருள்களைத் தட்டில் வைத்து ஒரு நிமிடம் காட்டிய பின் துணியால் மூடினேன். நினைவில் நின்றவற்றை மாணவர்கள் எழுதினர். மறுநாளும் அதே பொருள்கள், அதே தேர்வு. பெரும்பாலோருக்கு மதிப்பெண் கூடியது.

“நேற்று இரவு உங்களுக்கு டானிக் கொடுத்திருந்தால், இந்த உயர்வுக்கு எதைக் காரணம் சொல்வீர்கள்?” என்று கேட்டேன்.

“டானிக்தான்” என்றவர்களே சற்று யோசித்து, “இரண்டாவது தடவை பார்த்ததாலும் இருக்கலாம் சார்” என்றனர். டானிக் குடிக்காத ஒரு குழுவுக்கும் அதே தேர்வை வைத்து ஒப்பிட வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடித்தனர். அதுதான் கட்டுப்பாட்டுக் குழு.

ஆய்வகத்தில்

அடுத்து ஓர் உண்மையான ஆய்வைக் கரும்பலகையில் வரைந்தேன். 1999இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஜோசப் குழுவினர் வெளியிட்டது அது. 19 மாத வயதான எலிகளுக்கு, அதாவது முதுமையை நெருங்கியவற்றுக்கு, 8 வாரம் பசலைக்கீரை, ஸ்ட்ராபெர்ரி, புளூபெர்ரி ஆகியவற்றின் சாறு கலந்த உணவைக் கொடுத்தனர். ஒரு குழுவுக்கு மட்டும் சாறு கலக்காத உணவு. பிறகு நீர்த்தொட்டியில் நீந்தவிட்டனர். நீர்மட்டத்துக்குக் கீழே மறைந்திருக்கும் மேடையை எலி எவ்வளவு விரைவில் கண்டுபிடிக்கிறது என்பதே தேர்வு. சாறு உண்ட எலிகள் மேலாகச் செய்தன.

நம் நாட்டிலும், லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தினர் நீர்ப்பிரமிச் சாறு எலிகளின் கற்றலுக்கு உதவியதாக 1982இல் வெளியிட்டனர். நீர்ப்பிரமி வேறு, வல்லாரை வேறு. இரண்டையும் ‘பிரம்மி’ என்றே அழைப்பதால் குழப்பம் வருகிறது.

எலியிலிருந்து மனிதருக்கு

எலியிடம் பலித்தது நம்மிடமும் பலிக்குமா? ஜின்கோ இலைச்சாற்றை 75 வயது கடந்த 3,069 பேரிடம் சோதித்தனர். பாதிப் பேருக்குச் சாறு, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. சுமார் 6 ஆண்டுகள் கண்காணித்து 2008இல் வெளியிட்ட முடிவு: அந்தச் சாறு மறதிநோயைத் தடுக்கவில்லை.

மாணவர் குறிப்பேட்டில் எழுத வேண்டிய கேள்விகள்

1. சோதித்தது எலியிலா, மனிதரிலா?
2. கட்டுப்பாட்டுக் குழு இருந்ததா?
3. எத்தனை பேர், எவ்வளவு காலம்?
4. சோதித்த பொருளும் கடையில் விற்கும் பொருளும் ஒன்றா?

வீட்டிலுள்ள ஒரு டானிக் பாட்டிலின் மேலட்டையை இக்கேள்விகளோடு படித்து வரச் சொல்லலாம். வல்லாரைத் துவையல் நல்ல கீரை உணவு. அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் பாட்டியின் மறதிக்குத் தைராய்டு கோளாறோ வைட்டமின் பி12 குறைவோ காரணமாக இருந்தால், அது சிகிச்சையால் சீராகக் கூடியது. அதனால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதையும் பாடத்தோடு சேர்த்தே சொல்லுங்கள்.