புலி வராதபோது கத்தாத ரூல்

கிளவுட் டீமில் போட்டுவிட்டார்கள், முதல் வேலையே கம்ப்ளையன்ஸ் ரூலைக் கோடில் எழுதச் சொல்கிறார்கள் என்று நேற்று ராத்திரி போனில் புலம்பினாயே, அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் சார்ஜ் தீர்ந்துவிடும். மீதியை நீ கேட்கவும் மாட்டாய்.

ரூல் எழுதுவது பெரிய வித்தை இல்லைடி. ஐம்பது அறுபது வரி பைத்தான், ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்து அந்த ரூலை யாராவது மதிக்கிறார்களா என்பதில்தான் கஷ்டம். காரணமில்லாமல் நாலு தடவை சிவப்பு காட்டினால், ஐந்தாவது தடவை நிஜ ஆபத்து வரும்போது ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். புலி வருது, புலி வருது கதைதான். என் முதல் ரூல் அப்படித்தான் செத்துப்போனது. பழைய ஆபீஸில் அது ராத்திரி பகல் பார்க்காமல் மெயில் போட்டது. ஒரே வாரத்தில் பாதி டீம் ஃபில்டர் வைத்து அந்த மெயிலை ஒரு மூலை ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டார்கள். எனக்கு அது தெரியவே மூன்று மாதம் ஆனது.

உங்கள் ஆபீஸில் ஏடபிள்யூஎஸ் என்றாய். அதனால் ஏடபிள்யூஎஸ் கான்ஃபிக்கை வைத்தே சொல்கிறேன். வேறு கிளவுடுக்குப் போனால் பெயர்கள் மாறும், தலைவலி அதேதான்.

எழுத உட்காரும் முன் ஒரு வேலை. அமேசானே எழுதி வைத்திருக்கும் மேனேஜ்டு ரூல் பட்டியலைப் பார். நூற்றுக்கணக்கில் இருக்கிறது. டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா, பக்கெட் ஊருக்கே திறந்திருக்கிறதா, டேக் போட்டிருக்கிறதா எல்லாம் ரெடிமேட். அதில் இருப்பதை மறுபடி எழுதினால் நாளைக்கு அதைப் பராமரிக்கப் போவதும் நீதான். அதில் இல்லை, ஆனால் ஒரு ஃபீல்டின் மதிப்பைப் பார்த்தாலே போதும் என்றால் லாம்ப்டாவில் தனிக் கோடு எழுத வேண்டாம். 2022 முதல் கார்டு (Guard) மொழியில் நாலு வரி எழுதினாலே கான்ஃபிக் ஏற்றுக்கொள்கிறது. கணக்குப் போட வேண்டும், வேறு இடத்தில் போய்த் தேட வேண்டும் என்ற நிலை வந்தால் மட்டும் லாம்ப்டாவுக்குப் போ.

அப்படி ஒரு கேஸ்தான் உனக்குக் கொடுத்திருப்பது: எஸ்எஸ்ஹெச் போர்ட் 22 உலகத்துக்கே திறந்திருக்கும் செக்யூரிட்டி குரூப்பைக் கண்டுபிடிப்பது. ‘அதற்குத்தான் மேனேஜ்டு ரூல் இருக்கிறதே’ என்பாய். இருக்கிறது. ஆனால் அது பார்ப்பது 0.0.0.0/0, ::/0 இந்த இரண்டையும்தான். ஒரு கெட்டிக்காரப் பையன் 0.0.0.0/1 என்று ஒரு வரியும் 128.0.0.0/1 என்று இன்னொரு வரியும் போட்டான். பாதி இன்டர்நெட் ஒன்றில், மீதிப் பாதி மற்றதில். ரூல் பச்சை காட்டியது. ரூலை ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம்கூட அவனுக்கு இல்லை. ‘ஸ்லாஷ் ஸீரோ போட்டால் சிவப்பு வருதுக்கா, இப்படிப் போட்டால் வரலை’ என்று வெள்ளந்தியாகச் சொன்னான்.

அதனால் முகவரியை எழுத்தாகப் பார்த்து ஒப்பிடாதே. பைத்தானோடு வரும் ஐபிஅட்ரஸ் மாட்யூலை வைத்து, ரேஞ்ச் எவ்வளவு பெரியது என்று பார். எவ்வளவு பெரியது வரை பரவாயில்லை என்பதை செக்யூரிட்டி டீமிடம் கேட்டு, அந்த எண்ணை ரூலின் பாராமீட்டராக வை. கோடுக்குள் புதைக்காதே.

போர்ட் விஷயத்தில் நான் விழுந்த குழியையும் சொல்லிவிடுகிறேன். ‘ஃபிரம் போர்ட் 22 ஆக இருந்தால் தப்பு’ என்று எழுதியிருந்தேன். யாரோ 0 முதல் 65535 வரை மொத்தமாகத் திறந்து வைத்திருந்தார்கள். அங்கே ஃபிரம் போர்ட் 0. என் ரூலைப் பொறுத்தவரை எல்லாம் சுபம். 22 அந்த இடைவெளிக்குள் விழுகிறதா என்று கேட்டிருக்க வேண்டும். அதைச் சரி செய்ததும் அடுத்தது வந்தது. எல்லா ட்ராஃபிக்கும் என்று திறந்தால் புரோட்டோகால் மைனஸ் 1 என்று வரும், போர்ட் என்ற ஃபீல்டே இருக்காது. இல்லாத ஃபீல்டைத் தேடிய என் லாம்ப்டா எர்ரர் அடித்து விழுந்தது. கான்ஃபிக்குக்குப் பதிலே போகவில்லை. இருப்பதிலேயே மோசமான குரூப்பைப் பார்க்கும்போதுதான் என் ரூல் மயக்கம் போட்டிருக்கிறது, பார். ஐபிவி6 ரேஞ்ச் தனிப் பட்டியலில் வரும், மறக்காதே. பிரிஃபிக்ஸ் லிஸ்ட் போட்டிருந்தால் அதன் ஐடி மட்டும்தான் உன் கைக்கு வரும். உள்ளே என்ன முகவரி இருக்கிறது என்று தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

எந்த சர்வரிலும் ஒட்டாமல் சும்மா கிடக்கும் குரூப்பையும் சிவப்பாக்க வேண்டுமா என்று கேட்பார்கள். ஆக்கு. இன்று சும்மா கிடப்பதை நாளைக்கு அவசரத்தில் யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

இப்போது பதில் சொல்லும் முறை. புதிதாக வருபவர்கள் சரி, தப்பு என்று இரண்டு பதிலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்றாவதாக ‘நாட் அப்ளிகபிள்’ ஒன்று இருக்கிறது. ஒரு ரிசோர்ஸை டெலீட் செய்தாலும் கான்ஃபிக் உன் லாம்ப்டாவை எழுப்பும். அப்போது ஸ்டேட்டஸில் டெலீட் ஆனதாக எழுதியிருக்கும். உள்ளே பார்க்க ஒன்றும் இருக்காது. அதைப் பார்க்காமல் ‘தப்பு’ என்று பதில் அனுப்பினால், செத்துப்போன குரூப்பெல்லாம் டாஷ்போர்டில் ஆவியாக உலாவும். என் மெயில் மழையில் பாதிக்கு மேல் அந்த ஆவிகள்தான். ரூலின் வரம்பை விட்டு ரிசோர்ஸ் வெளியேறினாலும் இதே பதில்தான். அதற்குத் தனியாக ஒரு கொடி ஈவென்டிலேயே வரும். எதையும் சோதிக்கும் முன் இந்த இரண்டையும் கேட்டுவிடு.

ஈவென்ட் என்றதும் ஞாபகம் வந்தது. அது ஜேசனுக்குள் ஜேசன். இன்வோக்கிங் ஈவென்ட் என்ற பகுதி வெறும் எழுத்துச் சரமாக வரும், அதை இன்னொரு முறை பிரிக்க வேண்டும். முதல் நாள் எல்லோரும் இதில் அரை மணி நேரம் தொலைப்பார்கள், நீயும் தொலைப்பாய். ரிசோர்ஸின் விவரம் ரொம்பப் பெரிதாகிவிட்டால் முழுதும் வராமல் சுருக்கம் மட்டும் வரும். அப்போது ஹிஸ்டரியிலிருந்து நீயே எடுத்துக்கொள்ள வேண்டும். ஈவென்டில் வரும் ரிசல்ட் டோக்கனை முடிவோடு திருப்பி அனுப்ப மறக்காதே. ஒரு தடவைக்கு 100 முடிவுகள்தான் அனுப்ப முடியும். லாம்ப்டாவின் ரோலுக்கு, முடிவை அனுப்பவும் தேவையானதைப் படிக்கவும் மட்டும் பர்மிஷன் கொடு. கம்ப்ளையன்ஸ் ரூலே அட்மின் பர்மிஷனோடு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எப்போது ஓட வேண்டும் என்பதை டவுன் பஸ் மாதிரி யோசி. கண்டக்டர், ஆள் ஏறியதும் டிக்கெட் கேட்பார். செக்கிங் இன்ஸ்பெக்டர் எப்போதாவது ஏறி எல்லோரையும் பார்ப்பார். செக்யூரிட்டி குரூப் யாராவது மாற்றினால்தான் கெடும். அதற்குக் கண்டக்டர் போதும், மாற்றம் நடந்ததும் ஓடட்டும். ஆக்சஸ் கீ அப்படியில்லை. 90 நாள் வரம்பு என்றால், யாரும் தொடாமலே 91-ஆவது நாள் பழசாகிவிடும். அதற்கு இன்ஸ்பெக்டர் வேண்டும்: 1, 3, 6, 12, 24 மணி நேரம் என்று இடைவெளி வைக்கலாம். கண்டக்டரை நம்புகிறாய் என்றால், கான்ஃபிக்கின் ரெக்கார்டர் அந்த வகை ரிசோர்ஸைப் பதிவு செய்கிறதா என்று பார்த்துக்கொள். பதிவே இல்லையென்றால் மாற்றம் நடந்ததே உன் ரூலுக்குத் தெரியாது.

இதெல்லாம் ரீஜனுக்கு ரீஜன் தனி. மும்பையில் ரூல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதே. 2022-இல் ஹைதராபாத் வந்தது, அங்கே ஒரு டீம் போயிருக்கும். கவனிக்காமல் வர்ஜீனியாவில் எதையாவது உருவாக்கிவிட்டு மறந்தவர்களும் இருப்பார்கள். அக்ரிகேட்டர் வைத்தால் எல்லா ரீஜன் முடிவும் ஒரே இடத்தில் தெரியும்; ஆனால் அது போய் ரூலைப் போட்டுவிட்டு வராது.

செலவையும் ஒரு பார்வை பார். ஒரு மாற்றத்தைப் பதிவு செய்ய 0.003 டாலர், ஒரு தடவை ரூல் ஓட முதல் ஒரு லட்சம் வரை 0.001 டாலர் என்பது வழக்கமான கட்டணம். கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும். ஆனால் ஆட்டோ ஸ்கேலிங்கில் சர்வர்கள் நாள் முழுக்கப் பிறந்து செத்துக்கொண்டிருக்கும் அக்கவுண்டில் ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் ஒரு பதிவு; ரூலுக்கு வரம்பு வைக்காவிட்டால் அதற்கும் ஒரு ஓட்டம். ரூலின் வரம்பில் உனக்கு வேண்டிய ரிசோர்ஸ் வகையை மட்டும் எழுது.

விதிவிலக்கு கேட்டு வருவார்கள். முதல் வாரமே வருவார்கள். ‘இந்த டேக் இருந்தால் விட்டுவிடு’ என்று எழுதுவது சுலபம். டேக் போடத் தெரிந்தவர்கள் எல்லோரும் தங்களுக்குத் தாங்களே விலக்குக் கொடுத்துக்கொள்வார்கள். டேகில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு என்பதால் அதில் ஒரு தனிக் குழப்பமும் உண்டு. விலக்குப் பட்டியலை கிட் (Git) ரெபோவில் ஒரு ஃபைலாக வை. யார் கேட்டது, எதற்கு, எந்தத் தேதி வரை என்று மூன்றும் இருக்கட்டும். தேதி தாண்டினால் ரூல் தானாக மறுபடி சிவப்பு காட்டட்டும்.

சிவப்பு காட்டும்போது கூடவே ஒரு குறிப்பு எழுத இடம் தருவார்கள், 256 எழுத்து. ‘விதிமீறல்’ என்று எழுதி அதை வீணாக்காதே. எந்த போர்ட், எந்த ரேஞ்ச், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று எழுது. ‘22-ஐ மூடிவிட்டு செஷன் மேனேஜர் வழியாக உள்ளே போ’ என்று இருந்தால் படிப்பவர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். செஷன் மேனேஜருக்கு உள்வரும் போர்ட் ஒன்றுகூடத் திறக்க வேண்டாம்.

தானாகவே சரி செய்யும் வசதியை இப்போது தொடாதே. இதை நான் கும்பிட்டுக் கேட்கிறேன். ஒரு ஆபீஸில் ஆர்வக்கோளாறில் நான் அதைப் போட்டுவிட்டேன். சிவப்பு வந்ததும் 22 மூடிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு குரூப்பை அது மூடியது. மூடவேண்டிய குரூப்தான், உலகத்துக்கே திறந்திருந்தது, ரூல் சரியாகத்தான் சொன்னது. ஆனால் எஸ்எஃப்டிபியும் 22-இல்தான் ஓடும். வெளி நிறுவனம் ஒன்று ராத்திரி சம்பள ஃபைலை அந்த வழியாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை நான் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது. குறைந்தது ஒரு மாதம் வெறுமனே பார்க்க விடு. சிவப்பு வந்த ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் யார் என்று தெரிந்த பிறகு யோசிக்கலாம்.

இன்னும் முன்னாடியே பிடிக்கவும் வழி இருக்கிறது. டெராஃபார்ம் பிளானை ஜேசனாக எடுத்து, செக்கோவ் அல்லது ஓபன் பாலிசி ஏஜென்ட் வைத்து மெர்ஜ் செய்யும் முன்பே சோதிக்கலாம். சில மதிப்புகள் அப்ளை ஆன பிறகுதான் தெரியும் என்று பிளானில் காலியாக நிற்கும். அதைச் சரி என்று எடுத்துக்கொள்ளாதே. கன்சோலில் கையால் மாற்றுபவர்களை பிளான் பிடிக்காது என்பதால் கான்ஃபிக் ரூலையும் விட முடியாது. இரண்டும் வேண்டும்.

ஆபீஸில் யாராவது ‘நல்ல டூல் வாங்கிட்டோம், இனிமே கவலையில்ல’ என்றால் கேபிடல் ஒன் வங்கியைச் சொல். கிளவுட் கஸ்டோடியன் என்ற ரூல் டூல் அங்கேதான் பிறந்தது, 2016-இல் ஓப்பன் சோர்ஸாகவும் வந்தது. 2019-இல் அதே வங்கியில் அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. ஒரு ஃபயர்வாலின் தப்பான அமைப்பு, அதன் ரோலுக்குத் தேவைக்கு மேல் பர்மிஷன். அடுத்த ஆண்டு 8 கோடி டாலர் அபராதம். டூல் இருந்தது, இருந்தும் அந்த ரோலால் அவ்வளவையும் படிக்க முடிந்தது. உன் 22-ஆம் போர்ட் ரூல் முடிந்ததும் அடுத்து எதை எழுதலாம் என்று உன் லீட் கேட்டால், ரோல் பர்மிஷன் பக்கம் கையைக் காட்டு.

பழைய ரூல்களையும் ஒருமுறை தூசி தட்டு. எஸ்3 பக்கெட்டில் என்கிரிப்ஷன் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ரூல் கட்டாயம் ஒன்று கிடக்கும். 2023 ஜனவரி முதல் புதிதாக வைக்கும் ஃபைல் எல்லாம் தானாகவே என்கிரிப்ட் ஆகிறது. அந்த ரூல் சிவப்பு காட்ட வழியே இல்லை. காசு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எந்தச் சாவி என்று கேட்கும்படி மாற்று, இல்லையென்றால் தூக்கு.

டெஸ்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவாய், உன்னைத் தெரியாதா. ரூலுக்கு முன்னால் டெஸ்ட் ஃபைலை எழுது. நான் மேலே சொன்ன ஒவ்வொரு குழிக்கும் ஒரு போலி ஈவென்ட்: 22 மட்டும், 0 முதல் 65535, மைனஸ் 1, ஐபிவி6, இரண்டு பாதி இன்டர்நெட், ஆபீஸ் ஐபி மட்டும், டெலீட் ஆனது, விலக்குத் தேதி முடிந்தது. சனிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பார்க்கிறேன். டெலீட் ஆனதுக்கு டெஸ்ட் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.